கீறலுக்கு இஎம்ஐ, அதற்கு மேல் ஒரு லோனா?

கேள்வி: வயது 33. கோவையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை, கைக்கு வருவது 58,000 ரூபாய். ஒன்பது மாதத்துக்கு முன்னால் முதல் கார் வாங்கினேன். 8 லட்சம் லோன், மாதத் தவணை 16,700. அதற்குள் நான்கு இடத்தில் கீறல். அபார்ட்மென்ட் தூணில் பின் பம்பர் உரசியதை இன்சூரன்ஸில் சரிசெய்தேன். அப்புறம் காந்திபுரத்தில் ஒரு பைக் உரசி ஃபெண்டரில் கோடு, மச்சான் காரை எடுத்துக்கொண்டு பழனிக்குப் போய் வந்தபோது கதவில் கோடு. இரண்டையும் ஷோரூமில் விட்டு (9,200, 7,400) கிரெடிட் கார்டில் ஆறு மாத இஎம்ஐ போட்டேன். போன வாரம் முன் பம்பர் ஓரம். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஷோரூமில் 8,400 கேட்கிறார்கள், கூடவே 1,10,000 ரூபாய்க்கு பிபிஎஃப் (பெயிண்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம்) ஒட்டிவிட்டால் இனி கவலையே இல்லை என்கிறார்கள். வங்கியிலிருந்து 14 சதவீதத்தில் 1.2 லட்சம் பர்சனல் லோன் ரெடி என்று மெசேஜ். எடுக்கலாமா? (மாதம் 3,000 ரூபாய் போடும் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியை மூன்று மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.)

பதில்: லோன் வேண்டாம். அது சுலபமான பதில். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அந்த எஸ்ஐபிதான். இரண்டு கார்டு இஎம்ஐயும் வட்டியோடு சேர்த்து மாதம் ஏறக்குறைய 2,900 வரும். நிறுத்திய எஸ்ஐபி 3,000. காசு எங்கே போயிற்று என்று தேடவே வேண்டாம், ஒரு கதவுக்கும் ஒரு ஃபெண்டருக்கும் போயிருக்கிறது. கார்டு இஎம்ஐ வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, பிராசஸிங் கட்டணமும் உண்டு, அதையெல்லாம் ஸ்டேட்மென்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கீறல் விழுவது பிரச்சினையே இல்லை. நம் ஊரில் ஓடுகிற காருக்கு அது விழத்தான் செய்யும். விழுந்த வாரமே ஷோரூமுக்கு ஓடி, கையில் காசு இல்லாவிட்டாலும் கார்டைத் தேய்த்து அதை மறைத்தாக வேண்டும் என்கிற அவசரம்தான் உங்களைக் கடிக்கிறது.

முதலில் அந்த இன்சூரன்ஸ் விஷயம், ஏனென்றால் அதை நீங்கள் இலவசம் என்று நினைத்திருக்கிறீர்கள். பில் 6,800 என்றும், பம்பர் டு பம்பர் பாலிசி (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காதது) என்பதால் நீங்களே கட்ட வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக மீதி 5,800 கம்பெனி கொடுத்தது என்றும் எழுதியிருந்தீர்கள். ஆனால் முதல் வருடமே கிளெய்ம் செய்ததால் நோ கிளெய்ம் போனஸ் போய்விட்டது. கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் ஓன் டேமேஜ் (சொந்தக் காரின் சேதத்துக்கான) பிரீமியத்தில் அடுத்தடுத்த ஐந்து புதுப்பித்தலுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் தள்ளுபடி. இப்போது உங்களுக்கு 0, 20, 25, 35, 45. ஒவ்வொரு வருட வித்தியாசத்தையும் கூட்டினால் சரியாக 50 சதவீதம், அதாவது அரை வருட ஓன் டேமேஜ் பிரீமியம். உங்கள் காருக்கு அது வருடம் 14,000 போல ஆரம்பித்துப் போகப்போகக் குறையும் என்று வைத்து, ஜிஎஸ்டியும் சேர்த்துத் தோராயமாகப் போட்டால் 7,000 ரூபாய் வருகிறது. 5,800 வாங்குவதற்கு 7,000 கொடுத்திருக்கிறீர்கள்! ஷோரூமில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்ட மாட்டார்கள், அவர்களுக்கு பில் யார் கட்டினால் என்ன.

இனி சின்ன உரசலுக்கு கிளெய்ம் போடும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். 20,000, 30,000 என்று பில் வந்தால் தயங்காமல் போடுங்கள், அதற்குத்தானே பாலிசி. இன்னொன்று: இந்த வருட போனஸ் எப்படியும் போய்விட்டதே, பழைய கீறல், புதுக் கீறல் எல்லாவற்றையும் ஒரே விபத்து என்று எழுதி ஒரே கிளெய்மில் முடித்துவிடலாம் என்று சர்வீஸ் அட்வைசர் யாராவது யோசனை சொல்லலாம். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. செய்யாதீர்கள்.

பிபிஎஃப் கதைக்கு வருவோம். 1,18,400 ரூபாயை லோனில் போட்டால், 1.2 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் மூன்று வருடம் மாதம் சுமார் 4,100 கட்ட வேண்டும், மொத்தம் 1,47,000க்கு மேல். அந்த ஃபிலிம் கெட்ட பொருள் இல்லை. தெறிக்கிற சின்னக் கல், துணியால் துடைக்கும்போது விழும் மெல்லிய கோடு இவற்றைத் தாங்கும். அபார்ட்மென்ட் தூணைத் தாங்காது, டென்ட் விழுவதைத் தடுக்காது. ஆழமாக உரசினால் ஃபிலிமும் கிழியும், அந்தப் பேனலுக்கு மட்டும் உரித்துத் திரும்ப ஒட்ட அதற்கு ஒரு பில். உங்களுக்கு நடந்த நான்கில் எத்தனை இதனால் தப்பியிருக்கும்? பைக் கோடு ஒன்று தப்பியிருக்கலாம். ஒரு கோட்டுக்கு ஒன்றரை லட்சம் ரொம்ப அதிகம் சார். லட்சக்கணக்கில் சும்மா கிடக்கிற பணம் உள்ளவர் ஒட்டிக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு கோட்டுக்கும் முழுப் பேனலையும் பெயிண்ட் அடிப்பது விற்கும்போதும் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். பழைய கார் வாங்குபவர்கள் இப்போது பெயிண்ட் கனம் அளக்கும் கருவியோடு வருகிறார்கள். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 மைக்ரான் சுற்றி இருக்கும், பட்டி வைத்து அடித்த கதவில் அதைவிட நிறையக் காட்டும். உடனே ‘ஆக்சிடென்ட் வண்டியா?’ என்பார்கள், விலையைக் குறைப்பார்கள். ஒரு சின்னக் கீறலோடு நிற்கும் ஒரிஜினல் பெயிண்டுக்கு மதிப்பு அதிகம்.

அதனால் கோடு விழுந்ததும் நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள். நகம் மாட்டவில்லையென்றால் மேல் பூச்சில் மட்டும் விழுந்தது, அடுத்த சர்வீஸில் பாலிஷ் போட்டால் பெரும்பாலும் போய்விடும். நகம் மாட்டி அடியில் தகடு தெரிந்தால் மட்டும் அவசரம், துருப்பிடிக்கும். உங்கள் காரின் கலர் எண்ணுக்கு ஏற்ற டச்-அப் பேனா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அன்றைக்கே தொட்டு வையுங்கள். கிட்டே போய்ப் பார்த்தால் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்கவே பிடிக்காது. கிளிப் உடைந்து தொங்கவில்லை என்றால் போன வாரக் கீறலை அப்படியே விட்டுவிடுங்கள்.

கார்டு இஎம்ஐ இரண்டும் முடிகிற மாதமே எஸ்ஐபி திரும்ப ஆரம்பிக்க வேண்டும். தள்ளிப்போடாமல் இப்போதே அந்தத் தேதிக்கு ஆட்டோ டெபிட் கொடுத்துவிடுங்கள். அதோடு மாதம் 700 ரூபாய் ஒரு தனி ஆர்டியில். இரண்டு வருடத்தில் வட்டியோடு 17,000க்கு மேல் ஆகும். சேர்ந்திருக்கும் கீறல்களையெல்லாம் அப்போது ஒரே நேரத்தில் ஒரு நல்ல டிங்கரிங் பட்டறையில் காட்டுங்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், ஷோரூமையும் சேர்த்துத்தான். பேனலுக்கு எவ்வளவு என்று கேட்டால் பாதிக்குப் பாதி வித்தியாசம் சொல்பவர்கள் உண்டு.

மச்சான் விஷயத்தில், கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று வீட்டில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கதவுக்குக் காசு கேட்காதீர்கள், அது போகட்டும். அடுத்த முறை சாவி கேட்டால், ‘இந்த வாரம் எனக்கு வேலை இருக்கு மாப்ள, பழனிக்கு பஸ் நிறைய இருக்கு’ என்று சொல்லுங்கள். லைசென்ஸ் இருக்கிறவரிடம் கொடுத்தால் இன்சூரன்ஸ் செல்லும். போகிற போனஸ் மட்டும் உங்களுடையது, இதை வீட்டில் அந்த 7,000 கணக்கோடு ஒருமுறை சொல்லிவிடுங்கள்.