கிரீம் சீட்டில் ரப்பர் பால், ஜீன்ஸ் நீலம், டியூப் கறை: எது போகும், எது போகாது?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கிரீம் கலர் சீட் உள்ள பைக் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தினமும் தோட்டத்துக்குப் போய் வருவதால் ரப்பர் பால் சொட்டிக் காய்ந்திருக்கிறது. உட்காரும் இடமெல்லாம் ஜீன்ஸ் நீலம். ரப்பர் ஷீட் கட்டைப் பழைய டயர் டியூப் வாரால் கட்டிக் கொண்டுபோனதில் பின்சீட்டில் பழுப்புக் கோடுகள். பெட்ரோலில் துடைத்துப் பார்த்தேன், அந்த இடம் மங்கி வறண்டுவிட்டது. என்ன செய்யலாம்?”

முதலில் அந்தப் பெட்ரோல் துணியைத் தூரப் போடுங்கள். சீட் கவர் என்று நாம் சொல்லும் ரெக்சின், துணிமேல் பூசிய பிவிசி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பிவிசிதான். குழாய் விறைப்பாக இருக்க, ரெக்சின் மட்டும் வளைந்து கொடுப்பது எதனால்? அதில் ஒருவகை எண்ணெய்ப் பொருளைக் கலந்திருக்கிறார்கள். பெட்ரோலும் தின்னரும் அதைத்தான் உறிஞ்சி எடுக்கின்றன. இன்றைக்கு மங்கிய இடம் நாளை விறைக்கும், பிறகு தையல் ஓரத்தில் வெடிக்கும்.

சாயம் ஏறுவதும் அதே எண்ணெயால்தான். அதனால் கறை மேலே உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ரப்பர் பால் மேலே நிற்கிற கறை. சொட்டிய உடனே என்றால் வெறும் தண்ணீரிலேயே போய்விடும். உறைந்துவிட்டதா, பாதி காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், இழுபட்டுப் பரவும். முழுக்கக் காயவிட்டு, பால் பிடிக்கும் சிரட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரிப்பதுபோல ஓரத்திலிருந்து பெருவிரலால் உருட்டி எடுங்கள். விடாமல் நிற்கும் இடத்தில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் கழித்து உருட்டுங்கள். சக்கைப் (பலாப்பழப்) பிசினுக்கும் எண்ணெய்தான் மருந்து. தையல் துளைக்குள் போன பாலைப் பிடித்து இழுத்தால் நூலும் கூட வரும், ஜாக்கிரதை. கடைசியில் பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து எண்ணெயைக் கழுவிவிடுங்கள்.

ஜீன்ஸ் நீலம் பாதி மேலே, பாதி உள்ளே. முதலில் அதே சோப்பு நீரும் மெல்லிய பிரஷ்ஷும். போகாததற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சீட்டின் அடி ஓரத்தில் சோதித்துவிட்டு, வெள்ளைத் துணியில் கொஞ்சமாக நனைத்து ஒற்றி எடுங்கள். ஊற்றி ஊறவைக்க வேண்டாம். துணியில் நீலம் ஏறிக்கொண்டிருக்கும்வரை, துணியை மாற்றி மாற்றி ஒற்றலாம். துணி சுத்தமாக வருகிறது, சீட்டில் மட்டும் நீலம் நிற்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அது உள்ளே போய்விட்டது. மேலும் தேய்த்தால் ரெக்சினின் மேற்பூச்சுதான் போகும். பற்பசை, வெள்ளை ‘மேஜிக்’ ஸ்பாஞ்ச் இரண்டும் செய்வது அதைத்தான். அவை மெல்லிய உப்புத்தாள் மாதிரி.

பிளீச்சிங் கரைசல் நூலை இற்றுப்போகச் செய்யும். அதோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டையும் சேர்த்துவிடாதீர்கள், கிளம்புவது குளோரின் வாயு.

டியூப் கோடுகளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவை போகாது. டியூப் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் பாதுகாப்பு மருந்து, அழுத்திக் கட்டும்போது ரெக்சினுக்குள் இறங்கி, வெயில் பட்டுப் பழுப்பாகிவிடுகிறது. மரத்திலிருந்து வந்த பால் விட்டுக்கொடுக்கிறது, தொழிற்சாலைக்குப் போய் வந்த ரப்பர்தான் விடமாட்டேன் என்கிறது! இனி நைலான் கயிற்றால் கட்டுங்கள். டியூப் வார்தான் வேண்டுமென்றால் கீழே ஒரு பழைய சாரத்தை (லுங்கியை) மடித்துப் போடுங்கள்.

பளபளப்புக்காக சிலிக்கான் பாலிஷ் போடச் சொல்வார்கள். டயர் ஓரத்துக்குப் போடுங்கள், சீட்டுக்கு வேண்டாம். மேட்டுச் சாலையில் இறங்கும்போது பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் உங்கள் முதுகில்தான் வந்து நிற்பார்.

பெட்ரோல் பட்ட இடம் பழையபடி ஆகாது. வெடிக்கும்வரை ஓட்டுங்கள், பிறகு கவர் மாற்றலாம். அப்போது தொடை உரசும் பக்கங்களுக்கு மட்டும் அடர்ந்த நிறம் கேட்டு வாங்குங்கள். கவர் கழற்றியதும் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை நன்றாகக் காயவைத்த பிறகே புதுக் கவரை ஸ்டேப்ளர் பின் அடிக்கச் சொல்லுங்கள். ஈரத்தோடு மூடினால் அதில் வளரும் நுண்ணுயிர்களின் சாயம் அடியிலிருந்து ஊறி, மேலே இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். அதற்கு மேலிருந்து எதைப் போட்டுத் தேய்த்தாலும் பலனில்லை.