பீரோவில் தொங்கும் பையும் அதில் சேரும் 'தண்ணீரும்'

கேள்வி: மழைக்காலத்தில் பீரோவில் பூஞ்சை வாடை வருகிறதே என்று ஈரம் உறிஞ்சும் பை ஒன்றை வாங்கி மாட்டினேன். ஒரே மாதத்தில் அடிப்பகுதியில் அரை டம்ளர் தண்ணீர் சேர்ந்துவிட்டது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. இந்த ரசாயனம் கலந்த காற்றைச் சுவாசித்தால் ஆபத்தா? (சென்னை வாசகி)

பதில்: காற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். பையில் இருக்கும் வெள்ளைக் குருணை பெரும்பாலும் கால்சியம் குளோரைடு என்ற உப்பு. அது ஆவியாகாது. வாசனை சேர்த்த பை என்றால் சிலருக்குத் தும்மலும் இளைப்பும் வரும். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் வாசனையில்லாததே நல்லது.

பயப்பட வேண்டியது அந்த அரை டம்ளருக்குத்தான். குருணை காற்றின் ஈரத்தை இழுத்து, அந்த ஈரத்திலேயே கரைந்து உண்டான கெட்டியான உப்புக் கரைசல் அது. நிறமில்லை, மணமில்லை, விரலில் பட்டால் எண்ணெய் போல வழுக்கும். குழந்தை குடித்துவிட்டால் வாயும் தொண்டையும் இரைப்பையும் புண்ணாகலாம். குருணையும் சாது இல்லை. இரண்டு ஸ்பூன் எடுத்துக் கால் டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், டம்ளர் சூடேறும். ஈரக் கையிலும் நாக்கிலும் அதே சூடுதான்.

வாயில் போட்டுவிட்டால் வாயை நன்றாகக் கழுவி, ஓரிரு வாய் தண்ணீர் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; நம் வீடுகளில் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு, அது கூடவே கூடாது. கண்ணில் தெறித்தால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். அப்புறம் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள், பையின் உறையையும் எடுத்துக்கொண்டு. மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ 108.

செருப்புப் பெட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஈரம் உறிஞ்சுவதுதான்; அதில் நஞ்சைவிடத் தொண்டையில் அடைப்பதுதான் பயம். ஆனால் நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு உப்பு இருக்கக்கூடும்; குழந்தை உள்ள வீட்டுக்கு அது வேண்டாம்.

ரசாயனமே வேண்டாம் என்று அந்துருண்டைக்கும் கற்பூரத்துக்கும் மாறுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. அவையும் ரசாயனம்தான், இன்னும் மோசமானவை. ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரலாம்.

சரி, உங்கள் பையைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். பீரோவின் மேல் கம்பியில், குழந்தைக்கு எட்டாமல், பட்டுப் புடவையில் படாமல் தொங்கட்டும். கதவு மூடியே இருக்கட்டும். திறந்த அறையில் மாட்டினால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். கரைசல் சிந்தினால் துடைத்தால் மட்டும் போதாது, தரை காயாமல் பிசுபிசுத்து வழுக்கும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பை நிரம்பியதும் கரைசலைக் கழிவறையில் ஊற்றித் தண்ணீர் விடுங்கள். தண்ணீர்தானே என்று துளசித் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், செடி பட்டுப்போகும்.