அம்மாவின் மீன்கூடையிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை

கேள்வி: எனக்கு 23 வயது, விலங்கியல் முடித்திருக்கிறேன். பிலிப்பைன்ஸில் பவளப்பாறைகளைக் கண்காணிக்கும் பணிக்குத் தன்னார்வலராகப் பத்து வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜனவரியில் கிளம்ப வேண்டும். இதுவரை விமானம் ஏறியதில்லை. காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபாவை அங்கேயே கற்றுத்தருவார்களாம். முதுநகரில் மீன் விற்கும் அம்மாவோ, "கடலுக்குப் போறவங்களுக்காக வாசல்ல காத்துக் கெடந்தது போதாதா, நீயுமா?" என்கிறார். போகலாமா?
- வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: போய் வாருங்கள் அம்மா. நானும் கடலூர்க்காரிதான், இதே வேலைக்கு அதே நாட்டுக்குப் போய்வந்தவள்.

பாறையருகே இருக்கும் மீன்களை எண்ணிக் கணக்கெடுப்பதுதான் வேலை, ஆனால் முதல் இரண்டு வாரம் எங்களை எண்ணவே விடவில்லை. மீன் பெயர்ப் பரீட்சைதான். தண்ணீருக்கடியில் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுத வேண்டும். கூட வந்தவர்கள் படம் பார்த்து மனப்பாடம் செய்தார்கள். எபினெஃபெலஸ் படத்தைக் காட்டியதுமே எனக்கு அது நம்ம களவா. சிகானஸ் என்றால் ஓரா. அதன் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்பது என் விரலுக்கே தெரியும். களவா குறைந்தால் அங்கே மீன்பிடி அதிகம் என்று அர்த்தம். கிளிமீன் பாறை மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்பதால்தான் புதுப் பவளம் ஒட்ட இடம் கிடைக்கிறது. எண்ணுவது அதற்காகத்தான்.

அதனால் ஜனவரி வரை தினமும் காலையில் ஒரு நோட்டோடு அம்மாவின் கூடையருகே உட்காருங்கள். ஒவ்வொரு மீனையும் எதை வைத்து அடையாளம் சொல்கிறார் என்று கேட்டு, பக்கத்தில் அறிவியல் பெயரை எழுதுங்கள். உங்கள் பயணத்தில் அம்மாவுக்கும் ஒரு பங்கு வந்துவிட்டால் அவர் பயம் பாதி இறங்கும்.

விசாவில் கவனம். 2025 ஜூனிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் போகலாம் என்பது 14 நாளுக்கு மட்டும்தான், நீட்டிக்கவும் முடியாது. பத்து வாரத்துக்கு எந்த விசா என்று அழைத்தவர்களிடம் கடிதமாகவே வாங்குங்கள். பணத்தை இடைத்தரகரிடம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்த நாற்பதாயிரம் திரும்பவே இல்லை, அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஸ்கூபாவில் முதல் சிரமம் காதுதான். இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக்கொண்டே இறங்க வேண்டும். வலித்தால் கொஞ்சம் மேலே வந்துவிடுங்கள். சளி பிடித்த அன்று இறங்கவே வேண்டாம். திரும்பும்போது கடைசி டைவிங்குக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சோறும் மீனும்தான். சினிகாங் என்று புளி போட்டு ஒரு சாறு வைப்பார்கள், முதல் வாய்க்கே வீட்டு நினைப்பு வந்துவிடும்.

அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அம்மா கூடையைக் கவிழ்த்துவிட்டு வீடு வரும் மதியம் இரண்டு மணிக்கு அங்கே நாலரை. உங்கள் படகு கரை சேர்ந்திருக்கும். தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிட்டுவிடுங்கள்.