மலை இறங்கும்போது பிரேக் பெடல் ஏன் உள்ளே போகிறது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் இருப்பது ஆறு வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். போன மாதம் ஐந்து பேர் ஊட்டி போய்விட்டு குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினோம். பர்லியார் பக்கம் வரும்போது ஏதோ கருகுகிற வாசனை. கொஞ்ச நேரத்தில் இடது முன் சக்கரத்தில் புகை. பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. எப்படியோ ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றோம். அப்புறம் பிரேக் பழையபடி பிடித்தது. ஊருக்கு வந்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், 'பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் டிஸ்க், பேட், காலிப்பர் எல்லாம் மாற்றிவிடுங்கள்' என்று பெரிய எஸ்டிமேட் தருகிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நண்பர் சொன்னதால் பல இடங்களில் அப்படித்தான் வந்தேன். அதுதான் காரணமா?"

ஆமாம், நியூட்ரல்தான் முதல் காரணம். பழைய பிரேக் ஆயில் இரண்டாவது காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். இடது சக்கரத்தில் மட்டும் புகை வந்தது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். எஸ்டிமேட்டுக்கு இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். புகை வந்ததும் நிறுத்திக் காத்திருந்தீர்களே, அது மிகச் சரியான முடிவு. "இன்னும் கொஞ்ச தூரம்தான், கல்லாறு போய்விடலாம்" என்று ஓட்டுகிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

அன்று உங்கள் பிரேக் மீது எவ்வளவு சுமை விழுந்தது என்று ஒரு கணக்குப் போடலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். ஆக 1,900 மீட்டர் இறக்கம். உங்கள் காரும் ஐந்து பேரும் பெட்டிகளும் சேர்ந்து ஏறக்குறைய 1,350 கிலோ. இந்த எடை அவ்வளவு உயரத்திலிருந்து கீழே வரும்போது வெளிவருகிற ஆற்றல் ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஏழு மணி நேரம் நிறுத்தாமல் ஓட விட்டால் வருகிற சூடு அது. டயர் உராய்வும் காற்றும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும், வேறு ஆள் கிடையாது. நியூட்ரலில் விட்ட நொடியில் எஞ்சின் விலகிவிடுகிறது. முழுச் சூடும் பிரேக்குக்குப் போகிறது. அதிலும் பெரும்பங்கு முன் சக்கரங்களோடு சேர்ந்து சுழல்கிற இரண்டு டிஸ்க் தகடுகளுக்கு.

சூடேறிய பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். எந்த விதம் என்று உங்கள் காலே சொல்லிவிடும், அதனால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, அழுத்தி மிதித்தும் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்றால், டிஸ்க்கை உரசி நிறுத்துகிற பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழந்துவிட்டது. பெடல் கொழகொழவென்று தரை வரைக்கும் போகிறது என்றால், பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. உங்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது விதம்.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் கிடையாது. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். மூடி இறுக்கமாக இருந்தாலும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடியில் இருக்கிற காற்றுத் துளை வழியாகவும் வருடக்கணக்கில் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகையில் புதியதற்கு 230, ஈரம் ஏறியதற்கு 155. மலை இறக்கத்தில் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் காலிப்பருக்குள் (பேட்டை டிஸ்க்கோடு அழுத்துகிற பாகம் அது) இருக்கிற திரவம் இந்தச் சூட்டை எட்டுவது பெரிய விஷயமே இல்லை.

கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகிறது. திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் பிரேக் வேலை செய்கிறது. ஆவியை அமுக்க முடியும். நீங்கள் மிதித்த மிதி எல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விட்டது, பேட் வரைக்கும் அழுத்தம் சேரவில்லை. அரை மணி நேரம் நின்றதும் சூடு குறைந்து ஆவி மறுபடியும் திரவமானது, பெடல் மேலே வந்தது. ஒர்க்‌ஷாப்பில் சோதித்தபோது குறை எதுவும் தெரியாமல் போனதற்கும் இதுதான் காரணம். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆறின பிரேக்கைப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் ஆயிலைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் டிஸ்க்கையும் காலிப்பரையும் மாற்றச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயிலை மாற்றாமல் மற்றதை எல்லாம் மாற்றினால், அடுத்த ஊட்டிப் பயணத்தில் இதே கதை திரும்பவும் நடக்கும்.

ஆகவே முதல் வேலை, பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுவது. பல கார்களின் கையேட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று போட்டிருக்கும். உங்கள் சர்வீஸ் பில்களை எடுத்துப் பாருங்கள். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட மாற்றாத வண்டிகள் ஏராளம். அவற்றில் அளவு குறைந்திருந்தால் மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவதோடு விட்டுவிடுவார்கள். அது மாற்றியதாகாது, ஈரம் ஏறிய பழைய திரவம் காலிப்பரிலும் குழாயிலும் அப்படியே இருக்கும். நான்கு சக்கரத்திலும் பழையதை வெளியே எடுத்து, புதுசு தெளிவாக வருகிற வரை தள்ள வேண்டும், ஏர் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் காருக்கு ஒரு லிட்டர் இருந்தால் போதும். ஒரு ஜோடி டிஸ்க் விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை. எந்த வகை என்பது காரில் பிரேக் ஆயில் இருக்கிற டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும், அதையே ஊற்றச் சொல்லுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, பெயரைப் பார்த்து 'உயர்ந்தது' என்று நினைத்து ஊற்றிவிடக் கூடாது. பவர் ஸ்டீயரிங் ஆயில், எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் உள்ளே இருக்கிற ரப்பர் சீல்கள் உப்பிப்போகும். கண் முன்னால் புது டப்பாவின் சீலை உடைத்து ஊற்றச் சொல்வது உங்கள் உரிமை. திறந்து பல மாதம் அலமாரியில் இருந்த டப்பா, அங்கேயே ஈரத்தைக் குடித்திருக்கும்.

அடுத்தது அந்த இடது சக்கரம். இறக்கத்தில் இரண்டு முன் சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாக வேண்டும். ஒன்றில் மட்டும் புகை வந்தது என்றால், அந்தப் பக்கம் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே வந்திருக்கலாம். பெரும்பாலும் காலிப்பர் நகர்கிற இரண்டு பின்களில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். சில வண்டிகளில் பிஸ்டன் மேல் இருக்கிற ரப்பர் கிழிந்து, தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை ஒருமுறை மிதித்து விட்டு, இரண்டு முன் சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அந்தப் பின்கள் இறுகியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று இருக்கிற சிலிக்கான் கிரீஸ் வைத்தால் போதும். சாதாரண கிரீஸ் வைக்கக் கூடாது. பிஸ்டனே துருவேறி இறுகிப்போயிருந்தால் மட்டும் காலிப்பர் செலவைப் பற்றி யோசிக்கலாம்.

பேட்டைக் கழற்றி, உள்பக்கம் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். காலிப்பர் இறுகினால் உள்பேட் வேகமாகத் தேயும், வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. இரும்புத் தகடு போக, உராய்கிற பகுதி 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தாலோ, விரிசல் விட்டு உதிர்ந்தாலோ மாற்ற வேண்டும், மாற்றினால் இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான். டிஸ்க்கைப் பொறுத்தவரை, குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பெரும்பாலும் அதிலேயே பொறித்திருப்பார்கள். அளந்து காட்டச் சொல்லுங்கள். அளவுக்கு மேல் இருந்து, விரிசலும் இல்லாமல், நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங்கோ பெடலோ அதிராமல் இருந்தால், அந்த டிஸ்க்கை மாற்றக் காரணமே இல்லை.

சரி, எப்படி இறங்குவது? நீலகிரி சாலைகளில் 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைவிடச் சிறந்த ஆலோசனை இல்லை. எந்த கியரில் ஏற முடிகிறதோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள், அதுவும் இதேதான். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வேகம் எடுத்த பிறகு குறைப்பது சிரமம். இரண்டாவது கியரில் எஞ்சின் சத்தம் ஏறும், எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் நிமிடத்துக்கு 3,000, 3,500 வரை போகும். பயப்பட வேண்டாம், சிவப்புக் கோட்டுக்கு எவ்வளவோ கீழேதான் இருக்கிறது. பலர் அந்தச் சத்தத்துக்குப் பயந்தே கிளட்சை மிதித்துவிடுகிறார்கள். வளைவு முழுக்கக் கிளட்ச் மிதித்தபடி வருவதும் நியூட்ரலில் வருவதும் ஒன்றுதான்.

பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வராதீர்கள். வேகம் கூடும்போது அழுத்தமாக மிதித்து, நன்றாகக் குறைத்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். கால் எடுத்திருக்கிற அந்த இடைவெளியில்தான் டிஸ்க் காற்றில் ஆறுகிறது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் நேரான பகுதியிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால், இடம் கிடைக்கிற இடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும் என்பது சட்டம்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டி-யில் போட்டுவிட்டுக் கவனிக்காமல் இருந்துவிடுவதைப் பார்க்கிறேன். ஏஎம்டி வண்டியில் (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றுகிற வகை) ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக மேலே ஏறிவிடக் கூடும். மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டில் நிறுத்துங்கள். சிவிடி (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) என்றால் கியர் லீவரை எல் அல்லது எஸ்-ஸில் வையுங்கள். மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடித்து பேட்டரியை நிரப்பும், ஆனால் ஊட்டியிலேயே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் கிளம்பினால் அந்த ஆற்றல் போய்ச் சேர இடம் இருக்காது. மலை மேல் கொஞ்சம் குறைவாகவே ஏற்றிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று நண்பர் சொன்னது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பெட்ரோல் தெளிப்பது அடியோடு நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் ஓடுவதற்குப் பெட்ரோல் தேவை. அதாவது நியூட்ரலில்தான் செலவு கூடுதல். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் மோசம். மிதியை லேசாக்குகிற பிரேக் பூஸ்டருக்கு எஞ்சினிலிருந்து வருகிற உறிஞ்சல் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் மரக்கட்டை. ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு செய்யக் கூடிய காரியமா இது? தயவுசெய்து நண்பரிடமும் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெடல் எப்போதாவது உள்ளே போனால், அடுத்தடுத்து வேகமாக நாலைந்து முறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் சேரும். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக் பல கார்களில் கேபிளில் இயங்குவதால் ஆயில் கொதித்தாலும் அது வேலை செய்யும். பட்டனை அழுத்திப் பிடித்தபடி மெல்ல மெல்ல இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழன்றுவிடும். எதிலும் நிற்கவில்லை என்றால் பள்ளத்தின் பக்கம் விடாமல், மலைச் சுவரின் பக்கமாக உரசி நிறுத்துவதுதான் உயிரைக் காக்கும்.

நின்ற பிறகு சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், திடீரென்று குளிர்ந்தால் கோணிப்போகும், விரிசலும் விடலாம். தானாக ஆறட்டும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல், வண்டி கீழ்நோக்கி நிற்கிறது என்றால் ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள், இருட்டில் அந்த வழியாக இருசக்கர வண்டியில் வருகிறவர் அதில் விழக் கூடாது.

ஏற்காட்டின் 20 வளைவு, வால்பாறையின் 40, கொல்லிமலையின் 70 என எங்கு போவதானாலும், ஆயில் மாற்றி இடது காலிப்பரைச் சரி பார்த்த பிறகு கிளம்புங்கள். அதுவரை சமவெளியில் ஓட்டுவதிலும் ஒரு நிபந்தனை உண்டு: கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் இடது முன் சக்கரத்தின் அருகே, தொடாமல், கையைக் காட்டிப் பாருங்கள். வலது பக்கத்தைவிடச் சூடு தெளிவாக அதிகம் என்றால் வேறு எங்கும் ஓட்டாமல் நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.