விளக்குக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்?

"பிழைப்புக்கு உதவாத தகவலைச் சிலர் ஏன் தேடித் தேடிப் படிக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் போல. நான் அவர் கட்சி.

நான் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன், வரலாறு படித்தவன் இல்லை. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டின் வாசகத்தை யாரோ புண்ணியவான் பலகையில் எழுதி மாட்டியிருந்தார். நொந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்று எரிக்க ஆடு தொண்ணூறு கொடுத்ததாக இருந்தது. ராஜா பெயர் மனதில் நிற்கவில்லை, ஆடுதான் நின்றது. விளக்கு எரிக்க எதற்கு ஆடு?

ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1994இல் இந்த அறியும் ஆவலைப் பற்றி எழுதியிருக்கிறார். கொஞ்சம் தெரிந்து மிச்சம் தெரியாமல் போனால்தான் மனசு அரிக்குமாம். ஒன்றுமே தெரியாதவன் நிம்மதியாகத் தூங்கிவிடுவான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. 1890 முதல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளைப் புரட்டினால், ஊருக்கு ஊர் இதே கதை. சில இடங்களில் தொண்ணூற்றாறு ஆடு. ஆடுகளை இடையர்களிடம் விட்டுவிடுவார்கள். அவர்கள் தினமும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடு செத்தாலும் குட்டிகள் அந்த இடத்துக்கு வந்துவிடும், எண்ணிக்கை குறையாது. அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். முதல் அழியாமல் வட்டியில் விளக்கு! கணக்குப்பிள்ளைக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்?

எல்லாத் துருவலும் நல்லது என்று சொல்ல வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சம்பளத்தை நோண்டுவதும் இதே அரிப்புதான், அதைத் தூக்கிக்கொண்டு யாரும் சண்டைக்கு வராதீர்கள். ஆனால் "உனக்கு எதுக்கு இது?" என்று கேட்பவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே, கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது (பிரிவு 6(2)). சர்க்காருக்கு இருக்கிற பெருந்தன்மை சொந்தக்காரர்களுக்கு இல்லை.

அப்புறம், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். போன கும்பாபிஷேகத்துக்கு எங்கள் கோயிலில் அந்தக் கல்வெட்டு இருந்த சுவரைப் பளிச்சென்று ஆக்குகிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். எழுத்து பாதி போய்விட்டது. காண்ட்ராக்டரிடம் சத்தம் போட்டேன். "யாரு சார் படிக்கப் போறாங்க?" என்றார். உபயதாரர் பெயரை மட்டும் புதுப் பளிங்கில் ஆழமாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.