சமயக் கல்விப் பட்டம்: மூன்று கல்லூரிகளில் எது மலிவு?

கேள்வி: என் மகள் சமயக் கல்வியில் இளநிலைப் பட்டம் முடித்து ஆசிரியராக விரும்புகிறாள். சமய அமைப்பு ஒன்று நடத்தும் விடுதிக் கல்லூரி, பொதுப் பல்கலைக்கழகம், ஆன்லைன் படிப்பு என மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஆண்டுக் கட்டணம் ஆன்லைனில்தான் குறைவு. கடன் வாங்கித்தான் படிக்க வைக்க முடியும். அதிலேயே சேர்த்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஆண்டுக் கட்டணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பட்டம் கைக்கு வரும்வரை உங்கள் பணம் மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஆன்லைன் படிப்புகளில் பெரும்பாலும் கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளி) கணக்கில் கட்டணம் வாங்குவார்கள். அமெரிக்க முறையில் ஒரு இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட். ஐரோப்பிய முறையில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 180. அதனால் ஒரு கிரெடிட்டின் விலையை நேருக்கு நேர் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். கட்டணம் வருடா வருடம் ஏறுமா என்றும் கேளுங்கள். 5 சதவீதம் ஏறினாலே, நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து முதலாண்டுக் கட்டணத்தைப் போல 4.3 மடங்கு ஆகிவிடும்.

சமய அமைப்புகளின் கல்லூரிகளில் அறிவித்த கட்டணம் பெரிதாகத் தெரியும். ஆனால் தங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு நல்ல சலுகை தருவதும் உண்டு. அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். உதவித்தொகை எல்லா ஆண்டுகளுக்குமா, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா? படித்து முடித்ததும் அவர்களிடம் சில ஆண்டுகள் பணி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உதவித்தொகை கடனாக மாறும் என்ற விதியும் சில இடங்களில் இருக்கும். 18 வயதுப் பெண் அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

இதைவிட முக்கியம் அங்கீகாரம். ஆசிரியர் உரிமம் தரும் அமைப்பு அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை என்றால், தனியாக ஆசிரியர் பயிற்சியும் படிக்க வேண்டி வரும். அந்தக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால் மலிவான பட்டம்தான் மூன்றிலும் விலை அதிகமானதாக இருக்கக்கூடும். ஏற்பார்களா என்பதைக் கல்லூரியிடம் கேட்காமல் அந்த அமைப்பிடமே எழுத்தில் கேளுங்கள். கூடவே, ஆன்லைனில் படித்தாலும் பள்ளியில் கற்பித்தல் பயிற்சியை நேரில் செய்ய வேண்டுமா, அதற்கான இடத்தை யார் ஏற்பாடு செய்வார்கள் என்றும் விசாரியுங்கள்.

அடுத்து கடன். சமயக் கல்வி ஆசிரியர் சம்பளம் பொதுவாகப் பெரிதாக இருக்காது. 8 சதவீத வட்டியில் 100 வாங்கி 10 ஆண்டுகள் மாதத் தவணையில் கட்டினால், மொத்தம் சுமார் 146 போகும். படிக்கும் காலத்திலும் வட்டி ஓடினால் இன்னும் கூடும். மொத்தக் கடன் முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு.

அங்கீகாரம் சரியாக இருந்து, மகள் பகுதிநேர வேலையும் பார்க்க முடிந்தால், ஆன்லைனையே எடுங்கள். இல்லையென்றால் நான் பல்கலைக்கழகத்தின் பக்கம்தான் சாய்வேன். முதல் வருடத்தை மலிவான இடத்தில் படித்துவிட்டு மாறும் யோசனை இருந்தால், எந்தெந்தப் பாடங்களின் கிரெடிட்டை ஏற்போம் என்று சேரப்போகும் கல்லூரியிடம் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.