வெயிலில் ஊதாவாக இருக்கும் கண்ணாடிக் கம்மல் ஆபீஸ் டியூப்லைட்டில் நீலமாகத் தெரிகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. நல்ல சரக்காகத்தான் கிடைத்திருக்கிறது. கண்ணாடி மணி வாங்கிக் கம்மல் செய்து விற்கிறவள் நான். இந்தப் புகார் எனக்குப் பழக்கம். ஊதாப் புடவைக்கு மேட்சிங் என்று வாங்கிப் போவார்கள். மண்டபத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "கலர் மாத்திக் குடுத்துட்டீங்களாக்கா?" என்று போன் வரும்.

உங்கள் கம்மலில் இருப்பது அநேகமாக நியோடிமியம் கலந்த கண்ணாடி. இந்தத் தனிமத்தை 1885இல் பிரித்தெடுத்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக். 1920களில் இன்றைய செக் நாட்டிலுள்ள கார்லோவி வாரி ஊரின் மோசர் கண்ணாடிப் பட்டறை இதைக் கலந்து செய்த கண்ணாடியை, நிறம் மாறும் ரத்தினக் கல்லின் பெயரை ஒட்டி 'அலெக்ஸாண்ட்ரிட்' என்று விற்றது. செக் மணிகளில் இன்றும் அந்தப் பெயர் புழங்குகிறது.

நியோடிமியம் மஞ்சள் ஒளியில் ஒரு குறுகிய பட்டையை விழுங்கிவிடும். வெயிலிலும் குண்டு பல்பிலும் எல்லா நிறமும் தொடர்ச்சியாக இருப்பதால், மிஞ்சும் சிவப்பும் நீலமும் சேர்ந்து ஊதாவாகத் தெரியும். பழைய டியூப்லைட்டில் சில நிறங்கள் மட்டும் துண்டு துண்டாக வரும். அதில் சமன் மாறி, கண்ணாடி வெளிர்நீலமாகிவிடும். எல்இடி பல்புக்குப் பல்பு வேறுபடும். சுடரில் கண்ணாடி உருக்கி மணி செய்கிறவர்கள் போடும், நியோடிமியம் கலந்த டிடிமியம் மூக்குக்கண்ணாடியும் இதே சங்கதிதான். சூடான கண்ணாடியிலிருந்து கிளம்பும் சோடியத்தின் மஞ்சள் வெளிச்சத்தை அது மறைத்துவிடும், உருகும் மணி தெளிவாகத் தெரியும்.

'நிறம் மாறும் கண்ணாடி' என்று இன்னொன்றும் விற்கிறார்கள்: டைக்ரோயிக். வெற்றிடக் கலத்தில் உலோக ஆக்சைடுகளை ஆவியாக்கி, கண்ணாடிமேல் படலம் படலமாகப் படிய வைத்தது. ஒளி பட்டுத் திரும்பும்போது ஒரு நிறம், ஊடுருவும்போது வேறொன்று. கண்டுபிடிப்பது சுலபம். ஒரே விளக்கின் கீழ் கம்மலைச் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கச் சாய்க்க நிறம் ஓடினால் மேலே ஏதோ பூச்சு இருக்கிறது. அசைக்காமல் விளக்கை மாற்றும்போது மட்டும் மாறினால் நியோடிமியம்.

எனக்கு நியோடிமியம்தான் பிடிக்கும். நிறம் கண்ணாடியின் உள்ளேயே இருப்பதால் தேயாது. டைக்ரோயிக்கில், படலத்தின்மேல் இன்னொரு தெளிந்த கண்ணாடியை வைத்துச் சூளையில் ஒட்டியிருந்தால் கவலையில்லை. வெறுமனே விட்டிருந்தால் கீறல் விழும். வானவில் மினுமினுப்புள்ள மலிவு மணிகளில் இருப்பதும் மேல்பூச்சுதான். அந்தப் பூச்சு கெடாமலிருக்க, சென்ட் அடித்தபிறகே கம்மல் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் விற்பனையாளரிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு: கையால் செய்த மணியைச் சூளையில் மெதுவாக ஆற வைத்தார்களா? அப்படி ஆறாத மணிக்குள் இறுக்கம் தங்கிவிடும், ஒருநாள் காரணமே இல்லாமல் விரிசல் விடும். கொக்கி வெள்ளியா என்றும் கேளுங்கள். காது புண்ணாவது பெரும்பாலும் நிக்கல் கலந்த கொக்கியால்தான், கண்ணாடியால் இல்லை.